ஃபைல் ஏன் இவ்வளவு கனக்கிறது? டிடிபி, பட வேலைக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரே ஒரு ஏ4 பக்கம். நான்கு வரி எழுத்து, இரண்டு படம். சேமித்துப் பார்த்தால் 700 எம்பி. மெயிலில் போகாது, திறக்க ஐந்து நிமிடம் ஆகும், அச்சகத்தில் இருப்பவர் முகம் சுளிப்பார். புதியவர்கள் உடனே செய்வது, இணையத்தில் கிடைக்கும் ஏதோ ஒரு கம்ப்ரஸ் கருவியில் ஃபைலைப் போட்டு எடுப்பது. சில நேரம் அளவு குறையும், பல நேரம் படத்தின் தரம்தான் குறையும். கனம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் குறைக்கப் போவது இருட்டில் கல்லெறிவது போல. முதலில் கண்டுபிடிக்க வேண்டும், பிறகுதான் குறைக்க வேண்டும். கண்டுபிடிக்க ஒரு பெருக்கல் கணக்கு போதும்.

வேலையைத் தொடங்குமுன் ஒன்று: இங்கே சொல்லும் எதையும் மூல ஃபைலில் செய்யாதீர்கள். 'சேவ் அஸ்' கொடுத்து வேறு பெயரில் ஒரு நகல் எடுத்து, அதில் செய்து பாருங்கள்.

இருக்க வேண்டிய அளவு எவ்வளவு?

பிக்சல் என்னும் சிறு நிறப்புள்ளிகளால் ஆன படத்தின் கணக்கு எளிது. அகலப் பிக்சல் × உயரப் பிக்சல் × சேனல்களின் எண்ணிக்கை × ஒரு சேனலுக்கு எத்தனை பைட். 8 பிட் படத்தில் ஒரு சேனலுக்கு ஒரு பைட், 16 பிட்டில் இரண்டு. சேனல் என்பது ஒவ்வொரு அடிப்படை நிறத்துக்கும் உள்ள தனிப் பதிவு: கிரேஸ்கேலுக்கு (கறுப்பு, சாம்பல், வெள்ளை) ஒரு சேனல், திரை நிறமான ஆர்ஜிபிக்கு மூன்று, அச்சு நிறமான சிஎம்ஒய்கேக்கு நான்கு.

ஏ4 தாளை 300 பிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல்) எடுத்தால் 2480 × 3508 பிக்சல், அதாவது ஏறத்தாழ 87 லட்சம் பிக்சல். 8 பிட்டில் இது கிரேஸ்கேலில் 8.3 எம்பி, ஆர்ஜிபியில் 24.9 எம்பி, சிஎம்ஒய்கேயில் 33.2 எம்பி. 16 பிட்டுக்கு மாற்றினால் ஒவ்வொன்றும் இரட்டிப்பு. 300ஐ 600 ஆக்கினால் இரட்டிப்பு இல்லை, நான்கு மடங்கு, ஏனென்றால் அகலம், உயரம் இரண்டுமே இரட்டிக்கின்றன. ஆர்ஜிபி ஏ4 அப்போது 100 எம்பியைத் தொடும். இந்த நான்கு மடங்கு விஷயத்தை மனதில் பதித்துக்கொண்டாலே பாதிக் குழப்பம் தீரும்.

இது ஒரே ஒரு லேயருக்கான (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் படத்தாள்களில் ஒன்று), சுருக்கப்படாத அளவு. ஃபோட்டோஷாப்பில் ஜன்னலின் கீழ் இடது மூலையில் உள்ள அம்புக்குறியை அழுத்தி 'டாக்குமென்ட் சைஸஸ்' தேர்ந்தெடுத்தால் 24.9M/112.6M என்பதுபோல் இரண்டு எண்கள் தெரியும். இடது எண், எல்லா லேயரையும் ஒன்றாக்கினால் வரும் அளவு. வலது எண், லேயர்களோடு சேர்த்து ஏறத்தாழ வரும் அளவு. உங்கள் நோயறிதல் இங்கேதான் தொடங்குகிறது.

இடது எண்ணே மிகப் பெரிதாக இருந்தால், பிக்சல் தேவைக்கு மேல் இருக்கிறது. இடது எண் சரியாக இருந்து வலது எண் பல மடங்கு இருந்தால், லேயர்களில் சுமை. இரண்டுமே சிறியவை, ஆனால் டிஸ்க்கில் ஃபைல் மட்டும் பெரியது என்றால், கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று உள்ளே உட்கார்ந்திருக்கிறது. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

ஜேபெக் படத்தில் ஒரு குழப்பம் வரும். டிஸ்க்கில் 4 எம்பி இருந்த படம் ஃபோட்டோஷாப்பில் திறந்தவுடன் 34 எம்பி காட்டும். அது கோளாறு அல்ல. ஜேபெக் சுருக்கி வைக்கப்பட்ட படம், திறக்கும்போது மூட்டை பிரிகிறது. அதையே ஃபோட்டோஷாப்பின் சொந்த வடிவமான பிஎஸ்டியாகச் சேமித்தால் ஃபைல் பெருக்கத்தான் செய்யும்.

அடிக்கடி நடக்கும் தவறு: 72ஐ 300 ஆக்குவது

"படம் 72 பிபிஐதான் இருக்கிறது, 300 வேண்டும்" என்று யாரோ சொல்லிவிடுவார்கள். புதியவர் 'இமேஜ் சைஸ்' திறந்து, ரெசல்யூஷன் பெட்டியில் 72ஐ அழித்து 300 என்று அடித்து ஓகே கொடுப்பார். பிக்சல் எண்ணிக்கையையே மாற்றிவிடும் 'ரீசாம்பிள்' பெட்டியில் டிக் இருந்தது அவர் கண்ணில் பட்டிருக்காது.

கேமராவில் வந்த 4000 × 3000 படத்துக்கு இதைச் செய்தால் அது 16,667 × 12,500 ஆகிவிடும். 34 எம்பி இருந்தது 596 எம்பி. புதிதாக வந்த பிக்சல்கள் எதுவும் கேமரா கண்டவை அல்ல, மென்பொருள் அக்கம்பக்கத்தைப் பார்த்து இட்டு நிரப்பியவை. படம் கூர்மையாகவும் ஆகாது, ஃபைல் மட்டும் 17 மடங்கு வீங்கும்.

செய்ய வேண்டியது: இமேஜ் சைஸ் ஜன்னலில் முதலில் ரீசாம்பிள் டிக்கை எடுங்கள். பிறகு 300 அடியுங்கள். பிக்சல் எண்ணிக்கை அப்படியே இருக்கும், அச்சு அளவு மட்டும் மாறும். அந்த 4000 × 3000 படம் 300 பிபிஐயில் ஏறத்தாழ 33.9 × 25.4 செ.மீ. வரும். உங்களுக்கு வேண்டிய அளவு அதைவிடச் சிறியது என்றால், இப்போது ரீசாம்பிள் டிக்கைப் போட்டு அகலத்தைக் குறையுங்கள். பெரிதிலிருந்து சிறிதாக்க ரீசாம்பிள் நல்ல கருவி, எதிர்த் திசையில்தான் தொல்லை.

300 என்பதும் எல்லாவற்றுக்கும் பொருந்தும் மந்திர எண் அல்ல. கையில் வைத்துப் பார்க்கும் புத்தகம், துண்டறிக்கைக்கு 300 சரி. 3 மீட்டர் × 6 மீட்டர் பேனரை 300இல் திறந்தால் சிஎம்ஒய்கேயில் ஒரு லேயரே 9 ஜிபியைத் தாண்டும். தூரத்திலிருந்து பார்க்கும் அந்தப் பேனருக்கு 50 பிபிஐ வைத்தால் 266 எம்பி. அச்சிடுபவரிடம் எத்தனை வேண்டும் என்று கேட்டுவிட்டுத் திறப்பது உத்தமம். பிஎஸ்டி வடிவத்துக்கும் எல்லை உண்டு: ஒரு பக்கம் 30,000 பிக்சல், ஃபைல் அளவு 2 ஜிபி. அதைத் தாண்டினால் பெரிய ஃபைல்களுக்கான பிஎஸ்பி வடிவத்துக்குப் போக வேண்டும், அதில் ஒரு பக்கம் 3,00,000 பிக்சல் வரை வைக்கலாம். சாதாரண வேலையில் ஃபோட்டோஷாப் உங்களைப் பிஎஸ்பியில் சேமிக்கச் சொல்கிறது என்றால், உடனே ஒப்புக்கொண்டு சேமித்துவிடாதீர்கள். எங்கோ கணக்கு தவறியிருக்கிறது என்பதற்கான அறிகுறி அது.

ஃபோட்டோஷாப் ஃபைலுக்குள் ஒளிந்திருப்பவை

கேன்வாஸுக்கு (திரையில் படம் தெரியும் பரப்புக்கு) வெளியே கிடக்கும் பிக்சல்தான் முதல் சந்தேகம். பெரிய படம் ஒன்றை இழுத்துப் போட்டு, தேவையான மூலையை மட்டும் கேன்வாஸுக்குள் வைத்திருப்பீர்கள். மீதி முழுவதும் வெளியே இருக்கிறது, ஒவ்வொரு முறையும் சேமிக்கப்படுகிறது. 'இமேஜ்' மெனுவில் 'ரிவீல் ஆல்' கொடுத்துப் பாருங்கள், கேன்வாஸ் திடீரென்று பல மடங்கு விரிந்தால் குற்றவாளி அகப்பட்டான். அன்டூ கொடுத்துத் திரும்பி வந்து, கன்ட்ரோல்+ஏ அழுத்தி எல்லாவற்றையும் தேர்வு செய்து, இமேஜ் மெனுவில் 'கிராப்' கொடுத்தால் வெளியே இருந்தவை வெட்டப்படும். இனிமேல் இப்படி நேராமலிருக்க, கிராப் டூலை எடுக்கும்போது மேலே உள்ள 'டிலீட் கிராப்டு பிக்சல்ஸ்' டிக் இருக்கிறதா என்று பாருங்கள். டிக் இல்லையென்றால் அது வெட்டாது, மறைக்கும்.

அடுத்தது ஸ்மார்ட் ஆப்ஜெக்ட், மூலப் படத்தை அப்படியே தனக்குள் வைத்திருக்கும் லேயர். கேன்வாஸில் கட்டைவிரல் அளவு தெரியும் லோகோவுக்குள் 200 எம்பி மூலப் படம் முழுசாக இருக்கலாம். லேயர்ஸ் பேனலில் அதன் சிறுபடத்தை இருமுறை சொடுக்கினால் உள்ளே இருப்பது தனி ஜன்னலில் திறக்கும், இமேஜ் சைஸ் பார்த்தால் உண்மை தெரியும். உள்ளே திறந்த நிலையிலேயே அதைச் சிறிதாக்கிச் சேமிப்பது ஒரு வழி. அப்படிச் செய்தால் வெளியே அதன் அளவும் மாறிவிடும், திரும்ப ஒழுங்குபடுத்த வேண்டியிருக்கும். இன்னொரு வழி, 'லேயர்' மெனுவில் 'ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்ஸ்' போய் 'கன்வர்ட் டு லிங்க்டு' கொடுப்பது. மூலப் படம் தனி ஃபைலாக வெளியே போய்விடும். ஆனால் ஃபைலை யாருக்காவது அனுப்பும்போது அந்தத் தனி ஃபைலையும் சேர்த்து அனுப்ப வேண்டும், மறந்தால் இணைப்பு அறுந்துவிடும். இனிமேல் அந்தப் படத்தைத் தொடப் போவதில்லை என்று உறுதியாக இருந்தால் ராஸ்டரைஸ் செய்து, அதாவது சாதாரணப் பிக்சல் லேயராக்கி, முடித்துவிடலாம்.

ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்டை நகல் எடுப்பதிலும் ஒரு நுணுக்கம். கன்ட்ரோல்+ஜே கொடுத்து பத்து நகல் எடுத்தால் பத்தும் உள்ளே இருக்கும் ஒரே மூலத்தைப் பகிர்ந்துகொள்ளும், ஃபைல் அதிகம் கூடாது. 'நியூ ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் வயா காப்பி' கொடுத்தால் ஒவ்வொன்றுக்கும் தனி மூலம், பத்து மடங்கு சுமை.

'பேக்கிரவுண்ட் காப்பி', 'பேக்கிரவுண்ட் காப்பி 2', 'பேக்கிரவுண்ட் காப்பி 2 ஃபைனல்' என்று லேயர் பட்டியல் நீள்கிறதா? ஒவ்வொன்றும் ஒரு முழுப் படம். வண்ணம், வெளிச்சம் மாற்றத்தான் நகல் எடுத்தீர்கள் என்றால் அட்ஜஸ்ட்மென்ட் லேயர் பயன்படுத்தியிருக்க வேண்டும், அது சில எண்களை மட்டுமே சேமிக்கும். கண் அணைத்து வைத்த லேயர்களை மொத்தமாக நீக்க லேயர் மெனுவில் 'டிலீட்', பிறகு 'ஹிடன் லேயர்ஸ்'. காலி லேயர்களுக்கு 'ஃபைல்', 'ஸ்கிரிப்ட்ஸ்', 'டிலீட் ஆல் எம்ப்டி லேயர்ஸ்'. காலி லேயர்கள் பெரிய சுமை அல்ல, பட்டியல் சுத்தமாகும் என்பதே லாபம்.

சேனல்ஸ் பேனலையும் ஒருமுறை திறந்து பாருங்கள். எப்போதோ சேமித்த செலக்ஷன்கள் 'ஆல்ஃபா 1', 'ஆல்ஃபா 2' என்று வரிசையாக நிற்கும். ஏ4 அளவில் ஒவ்வொன்றும் சுருக்காத கணக்கில் 8.3 எம்பி.

நாய்ஸ், கிரெய்ன் (மணல் தூவியது போன்ற புள்ளிகள்) சேர்த்த லேயரின் விஷயம் தனி. பிஎஸ்டி வடிவம், ஒரே நிறம் தொடர்ந்து வரும் இடங்களைச் சுருக்கிச் சேமிக்கிறது. வெறும் வெள்ளை லேயர் ஒரு எம்பிக்குள் அடங்குவது அதனால்தான். நாய்ஸ் போட்டவுடன் பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள் எல்லாம் வேறு வேறாகிவிடுகின்றன, சுருக்க எதுவும் கிடைப்பதில்லை. பார்வைக்கு ஒன்றுமே மாறாதது போலிருக்கும், ஃபைல் மட்டும் சட்டென்று ஏறும்.

16 பிட் படத்தை, திருத்தம் முடிந்ததும் 'இமேஜ்', 'மோட்' வழியாக 8 பிட்டுக்கு இறக்கலாம், பாதி மிச்சம். லேயர்களை ஒன்றாக்கட்டுமா என்று கேட்டால் 'டோன்ட் மெர்ஜ்' கொடுங்கள். திருத்தும் நடுவில் இறக்காதீர்கள், வானம் போன்ற மென்மையான நிறமாற்றங்களில் பட்டைபட்டையாகக் கோடு விழும்.

கடைசியாகப் 'ப்ரிஃபரென்சஸ்', 'ஃபைல் ஹேண்ட்லிங்'. அங்கே 'மேக்சிமைஸ் பிஎஸ்டி அண்ட் பிஎஸ்பி ஃபைல் கம்பாட்டிபிலிட்டி' என்று ஒன்று உண்டு. அது லேயர்களோடு, எல்லாம் ஒன்றாக்கிய முழுப் படம் ஒன்றையும் சேர்த்துச் சேமிக்கிறது. இதை அணைத்தால் அளவு குறையும் என்று பல இடங்களில் சொல்வார்கள். குறையும், உண்மைதான். ஆனால் பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் வைக்கும்போது அந்த ஒன்றாக்கிய படம்தான் உதவுகிறது, அது இல்லாத பிஎஸ்டி பக்கத்தில் சரியாக வராது. டிடிபி வேலை செய்பவர்கள் இதைத் தொடாமல் இருப்பதே நல்லது. அதே பக்கத்தில் 'டிசேபிள் கம்ப்ரஷன் ஆஃப் பிஎஸ்டி அண்ட் பிஎஸ்பி ஃபைல்ஸ்' டிக் ஆகியிருந்தால் மட்டும் எடுத்துவிடுங்கள். சேமிப்பது வேகமாகும் என்று யாராவது போட்டு வைத்திருப்பார்கள்.

எதுவும் இல்லாமலே கனக்கும் ஃபைல்

லேயர் குறைவு, கேன்வாஸ் சிறியது, ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் இல்லை. இருந்தும் 60 எம்பி. இந்த மாதிரி ஃபைலுக்கு ஒரு சோதனை உண்டு. நகலில் எல்லா லேயரையும் நீக்கி, ஒரே ஒரு வெள்ளை லேயரை மட்டும் வைத்துச் சேமியுங்கள். ஏ4 அளவில் அது ஒரு எம்பி சுற்றளவில் வந்தால், சுமை நீக்கிய லேயர்களில் இருந்தது. வெள்ளைத் தாளே 40 எம்பி வந்தால், சுமை படத்தில் இல்லை, மெட்டாடேட்டாவில் (ஃபைலைப் பற்றிய உட்குறிப்புகளில்) இருக்கிறது.

காரணம் பெரும்பாலும் 'டாக்குமென்ட் ஆன்செஸ்டர்ஸ்' என்ற பட்டியல். ஒரு ஃபைலிலிருந்து இன்னொன்றுக்கு லேயரை நகலெடுக்கும்போது, அது எந்த ஃபைலிலிருந்து வந்தது என்ற அடையாள எண்ணை ஃபோட்டோஷாப் குறித்து வைக்கிறது. பழைய டெம்ப்ளேட்டையே ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் இடங்களில் இந்தப் பட்டியல் ஆயிரக்கணக்கான வரிகளாக வளர்ந்துவிடும். முன்னோர் பெயரையெல்லாம் ஒன்றுவிடாமல் சுமக்கும் வம்சாவளி என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பட்டியல் ஜேபெக்காக ஏற்றுமதி செய்த படத்தோடும் ஒட்டிக்கொண்டு போகும். 200 × 200 பிக்சல் படம் பல எம்பி வருவதன் மர்மம் பெரும்பாலும் இதுதான்.

பார்க்க: 'ஃபைல்', 'ஃபைல் இன்ஃபோ', 'ரா டேட்டா'. ஜன்னல் திறக்கவே திணறினால் அதுவே விடை. இணையத்துக்கான படம் என்றால் 'சேவ் ஃபார் வெப்' ஜன்னலில் மெட்டாடேட்டாவுக்கு 'நன்' கொடுத்துச் சேமித்தால் எல்லாம் போய்விடும். லேயரோடு பிஎஸ்டி வேண்டும் என்றால், எக்ஸிஃப்டூல் என்ற இலவசக் கருவியால் அந்த ஒரு குறிப்பை மட்டும் நீக்கலாம், படத்தைத் தொடாது. டெம்ப்ளேட்டையும் மறக்காமல் சுத்தம் செய்யுங்கள், இல்லையென்றால் அடுத்த ஃபைலிலும் இதே கதை.

இன்டிசைன் பக்கங்கள்

இன்டிசைன் படத்தை உள்ளே விழுங்குவதில்லை. படம் எங்கே இருக்கிறது என்ற முகவரியையும், திரையில் காட்ட ஒரு சிறு முன்னோட்டத்தையும் மட்டும் வைத்துக்கொள்கிறது. ஆகவே இன்டிசைன் ஃபைல் தானாகவே பல நூறு எம்பி ஆக நியாயம் இல்லை. ஆகியிருந்தால் பார்க்க வேண்டியவை இரண்டு.

ஒன்று, படத்தைக் காப்பி, பேஸ்ட் செய்திருக்கிறார்கள். ஃபோட்டோஷாப்பில் கன்ட்ரோல்+சி, இங்கே கன்ட்ரோல்+வி. அப்படி வந்த படம் முழுசாக ஃபைலுக்குள் போய்விடும், 'லிங்க்ஸ்' பேனலில் பெயரும் வராது. பக்கத்தில் பத்துப் படம் இருந்து லிங்க்ஸ் பேனலில் ஆறு மட்டும் இருந்தால் மீதி நான்கு இப்படி வந்தவை. அவற்றை நீக்கி, கன்ட்ரோல்+டி கொடுத்து 'பிளேஸ்' வழியாகவே மறுபடி வையுங்கள். லிங்க்ஸ் பேனலில் இருந்தும் 'எம்பெட்' குறி தெரிந்தால், பேனல் மெனுவில் 'அன்எம்பெட் லிங்க்' கொடுத்து வெளியே எடுக்கலாம்.

இரண்டு, நாள்கணக்கில் 'சேவ்' மட்டுமே கொடுத்து வந்திருக்கிறார்கள். வேகத்துக்காக, இன்டிசைன் புதிய மாற்றங்களைப் பழையதன் பின்னால் சேர்த்துக்கொண்டே போகிறது. நீக்கிய பக்கத்தின் மிச்சமும் உள்ளே கிடக்கும். 'சேவ் அஸ்' கொடுத்து அதே பெயரிலோ வேறு பெயரிலோ சேமித்தால் முழுவதும் புதிதாக எழுதப்பட்டு ஃபைல் இளைக்கும். இது பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கர் காலத்திலிருந்தே வரும் குணம்தான், அதன் ப்ரிஃபரென்சஸில் சேமிப்பதற்கு 'ஃபாஸ்டர்', 'ஸ்மாலர்' என்று இரண்டு தேர்வுகள் இருந்தன. சேவ் அஸ் செய்தும் குறையவில்லை, அல்லது ஃபைல் அடிக்கடி முரண்டு பிடிக்கிறது என்றால் 'எக்ஸ்போர்ட்' போய் ஐடிஎம்எல் என்ற பரிமாற்ற வடிவத்தில் எடுத்து, அதைத் திறந்து மறுபடி இன்டிசைன் ஃபைலாகச் சேமியுங்கள். பழைய குப்பை பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடும். பத்தி உடைவுகள் மாறியிருக்கின்றனவா என்று பழையதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

லிங்க்ஸ் பேனலில் இன்னொரு புதையல், 'எஃபெக்டிவ் பிபிஐ'. பேனல் ஆப்ஷன்ஸில் அந்த நெடுவரிசைக்கு டிக் போட்டால் ஒவ்வொரு படமும் பக்கத்தில் இருக்கும் அளவில் உண்மையில் எத்தனை பிபிஐ என்று தெரியும். 4000 பிக்சல் அகலப் படத்தை 5 செ.மீ. பெட்டிக்குள் வைத்தால் அது 2032 பிபிஐ. 300க்கு 591 பிக்சல் அகலம் போதும். 1.2 கோடி பிக்சல் வேலையை 2.6 லட்சம் பிக்சல் செய்துவிடும் இடத்தில், 46 மடங்கு சுமையை இழுத்துக்கொண்டிருக்கிறீர்கள். பட்டியலை இந்த நெடுவரிசையில் வரிசைப்படுத்தி, மேலே நிற்கும் நான்கைந்து படங்களை மட்டும் ஃபோட்டோஷாப்பில் சிறிதாக்கினாலே பெரும் மாற்றம் தெரியும். 450க்குக் கீழே இருப்பவற்றோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

இல்லஸ்ட்ரேட்டர், கோரல்டிரா

இவை பிக்சலால் அல்ல, கோடு வளைவுகளால் ஆன வெக்டர் படங்களுக்கான மென்பொருள்கள். வெக்டர் ஃபைல் கனப்பதற்கு மூன்று வழி: உள்ளே புதைந்த படம், அளவுக்கு மீறிய புள்ளிகள், சேமிக்கும்போது போட்ட டிக்.

கோரல்டிராவில் இம்போர்ட் செய்யும் படம் வழக்கமாக உள்ளேயே போய்விடும். பவர்கிளிப்புக்குள் (படத்தை ஒரு வடிவத்துக்குள் அடக்கும் வசதி) போட்டு ஓரத்தை மறைத்தாலும் முழுப் படமும் உள்ளே இருக்கும், முகம் மட்டும் தெரியும் புகைப்படத்துக்குப் பின்னால் முழு மண்டபமும் மறைந்திருக்கும். இம்போர்ட் பொத்தானின் பக்கத்து அம்பில் 'கிராப் அண்ட் லோட்', 'ரீசாம்பிள் அண்ட் லோட்' என்று இரண்டு உண்டு, உள்ளே வரும்போதே வெட்டியும் குறைத்தும் எடுக்க அவை. ஏற்கெனவே வந்துவிட்ட படத்துக்கு 'பிட்மேப்ஸ்' மெனுவில் 'ரீசாம்பிள்'. இல்லஸ்ட்ரேட்டரில் கிளிப்பிங் மாஸ்க்கும் இதே குணம்தான். அங்கே 'ஆப்ஜெக்ட்' மெனுவில் 'கிராப் இமேஜ்' வெட்டி எறியும்.

புகைப்படத்தை இமேஜ் டிரேஸ் செய்தால், அதாவது வெக்டர் கோடுகளாக மாற்றினால், பல்லாயிரம் புள்ளிகளுள்ள பாதைகள் உருவாகும். ஒவ்வொரு புள்ளிக்கும் இடம், வளைவு என்று எண்கள் சேமிக்கப்படுகின்றன. மூலப் படம் 2 எம்பி, டிரேஸ் 30 எம்பி என்றெல்லாம் ஆகும். லோகோ, கோட்டோவியத்துக்கு டிரேஸ் நல்லது, முகத்துக்கும் இயற்கைக் காட்சிக்கும் வேண்டாம். 'பாத்', 'சிம்ப்ளிஃபை' கொடுத்து இல்லஸ்ட்ரேட்டரில் புள்ளிகளைக் குறைக்கலாம், கோரலில் ஷேப் டூல் எடுத்தால் 'ரெட்யூஸ் நோட்ஸ்' கிடைக்கும். முழுப் புத்தகத்தின் எழுத்தையும் அவுட்லைன் (வெறும் வெக்டர் வடிவம்) ஆக்குவதும் இதே கணக்கில்தான் வரும். நம் எழுத்துகளில் சுழியும் வளைவும் அதிகம், ஒரு பக்கத்துக்கே ஆயிரக்கணக்கில் புள்ளிகள் சேரும். விளம்பரம், அட்டைக்கு அவுட்லைன் செய்யுங்கள், உள்பக்கங்களுக்கு எழுத்துருவைப் பிடிஎஃப்பில் புதைத்தாலே போதும்.

இல்லஸ்ட்ரேட்டர் சேமிப்பு ஜன்னலில் 'கிரியேட் பிடிஎஃப் கம்பாட்டிபிள் ஃபைல்' என்ற டிக்கை எடுத்தால் ஃபைல் வெகுவாகக் குறையும், ஏனென்றால் அது ஒரே ஃபைலுக்குள் பிடிஎஃப் பிரதி ஒன்றையும் வைக்கிறது. ஆனால் அப்படிச் சேமித்த ஃபைலை இன்டிசைனில் வைத்தால் படம் வராது, அந்த டிக் இல்லாமல் சேமித்திருக்கிறது என்ற அறிவிப்புதான் வரும். உங்கள் கணினிக்குள்ளேயே இருக்கும் வேலை ஃபைலுக்கு மட்டும் எடுக்கலாம். 'இன்க்ளூட் லிங்க்டு ஃபைல்ஸ்' டிக் இருந்தால் அதை எடுப்பதில் பெரிய ஆபத்து இல்லை, இணைத்த படங்களைக் கூடவே அனுப்ப மறக்காத வரை.

பிடிஎஃப் பெரிதாக வந்தால்

இதில் முதல் சந்தேகத்துக்குரியது ஒரே ஒரு டிக். இல்லஸ்ட்ரேட்டரில் பிடிஎஃப் சேமிக்கும்போது 'ப்ரிசர்வ் இல்லஸ்ட்ரேட்டர் எடிட்டிங் கேபபிலிட்டீஸ்', ஃபோட்டோஷாப்பில் 'ப்ரிசர்வ் ஃபோட்டோஷாப் எடிட்டிங் கேபபிலிட்டீஸ்'. இவை இருந்தால் பிடிஎஃப்புக்குள் மூல ஃபைலும் முழுசாகப் போகிறது. வெளியே அனுப்பும் பிடிஎஃப்பில் இரண்டையும் எடுத்துவிடுங்கள். திருத்துவதற்கு மூல ஃபைல் உங்களிடம் இருக்கிறதா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

இன்டிசைனிலிருந்து அச்சுக்கு எடுக்கும்போது இந்த வரிசையில் பாருங்கள்:

1. முன்னமைவில் 'பிரஸ் குவாலிட்டி' அல்லது அச்சகம் கேட்கும் பிடிஎஃப்/எக்ஸ் வகை.
2. 'கம்ப்ரஷன்' பகுதியில் 'பைக்யூபிக் டவுன்சாம்பிளிங்' (கூடுதல் பிக்சலைக் குறைப்பது), படம் 450 பிபிஐக்கு மேல் இருந்தால் 300க்கு. 1 பிட் கறுப்பு வெள்ளைப் படங்கள் 1800க்கு மேல் இருந்தால் 1200க்கு. பிரஸ் குவாலிட்டியில் வழக்கமாக இப்படியே இருக்கும். யாராவது 'டு நாட் டவுன்சாம்பிள்' ஆக்கியிருந்தால்தான் பிடிஎஃப் வீங்கும்.
3. 'கிராப் இமேஜ் டேட்டா டு ஃபிரேம்ஸ்' டிக் இருக்கட்டும். பெட்டிக்கு வெளியே மறைந்திருக்கும் படப் பகுதி பிடிஎஃப்புக்குள் போகாது.
4. 'கம்ப்ரஸ் டெக்ஸ்ட் அண்ட் லைன் ஆர்ட்' டிக் இருக்கட்டும். இதனால் தரம் எதுவும் குறையாது.

'ஸ்மாலஸ்ட் ஃபைல் சைஸ்' என்ற முன்னமைவு பெயரைப் பார்த்து மயங்காதீர்கள். அது படங்களை 100 பிபிஐக்கு இறக்கி, நிறங்களை எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றிவிடும். மெயிலில் பிழை பார்க்க அனுப்புவதற்கு அருமை, அச்சுக்கு அனுப்பினால் படம் மசமசவென்று வரும்.

ஏற்கெனவே கையில் இருக்கும் பிடிஎஃப் ஏன் பெரிது என்று அறிய அக்ரோபேட் ப்ரோவில் 'சேவ் அஸ் அதர்', 'ஆப்டிமைஸ்டு பிடிஎஃப்' திறந்து 'ஆடிட் ஸ்பேஸ் யூசேஜ்' அழுத்துங்கள். படம், எழுத்துரு, பக்க உள்ளடக்கம் என்று எது எத்தனை சதவீதம் என்று பட்டியல் வரும். படங்களே 90 சதவீதம் என்றால் டவுன்சாம்பிள் உதவும். 'கன்டென்ட் ஸ்ட்ரீம்ஸ்' அதிகம் என்றால் வெக்டர் சிக்கல், படத்தைக் குறைத்து லாபமில்லை. 'பீஸ் இன்ஃபர்மேஷன்' அதிகம் என்றால் மேலே சொன்ன எடிட்டிங் டிக் வேலை காட்டியிருக்கிறது, அதே ஜன்னலில் பிற மென்பொருள்களின் தனித் தரவை நீக்கும் தேர்வு உண்டு.

ஸ்கேன் செய்யும்போதே

எழுத்துப் பக்கத்தை வண்ணத்தில் ஸ்கேன் செய்வது பெரிய வீண்செலவு. ஏ4, 600 பிபிஐ, ஆர்ஜிபியில் 100 எம்பி. அதே பக்கம் 1 பிட் கறுப்பு வெள்ளையில், சுருக்காமலே 4 எம்பி சொச்சம். டிஃப் வடிவத்தில் சிசிஐடிடி குரூப் 4 சுருக்கம் சேர்த்தால் அதிலும் சிறு பங்குதான் மிஞ்சும். கோட்டோவியத்துக்கும் 1 பிட் பொருந்தும், அங்கே ரெசல்யூஷனை 1200க்கு ஏற்றினாலும் கட்டுப்படியாகும். பழுத்த தாள், பென்சில் நிழல் உள்ளவற்றுக்கு மட்டும் கிரேஸ்கேல்.

டிஃப் பற்றி ஒரு சிறு எச்சரிக்கை. எல்இசட்டபிள்யூ சுருக்கம் 8 பிட் படத்தில் நன்றாக உதவும், 16 பிட் புகைப்படத்தில் சில நேரம் சுருக்காத ஃபைலைவிடப் பெரிதாக்கிவிடும். அங்கே ஜிப் சுருக்கம் தேர்ந்தெடுங்கள்.

'ஸ்கிராட்ச் டிஸ்க் ஃபுல்' வேறு நோய்

ஃபைல் 80 எம்பிதான், ஆனால் ஸ்கிராட்ச் டிஸ்க் நிறைந்துவிட்டது என்கிறது ஃபோட்டோஷாப். இதற்கும் ஃபைல் அளவுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. வேலை நடக்கும்போது ஒவ்வொரு படியையும் திரும்ப எடுக்க வசதியாக டிஸ்க்கில் தற்காலிகமாக எழுதி வைக்கிறது, அந்த இடம் தீர்ந்திருக்கிறது. 'எடிட்', 'பர்ஜ்', 'ஆல்' கொடுத்தால் அது காலியாகும், அதோடு பழைய படிக்குத் திரும்பும் வழியும் போய்விடும். பர்ஜ் கொடுத்தால் பிஎஸ்டி சிறிதாகும் என்று பலர் நம்புகிறார்கள். ஆகாது. ஹிஸ்டரி பிஎஸ்டிக்குள் சேமிக்கப்படுவதே இல்லை.

ஜிம்ப், இங்க்ஸ்கேப், ஸ்கிரைபஸ்

இவை மூன்றும் இலவச மென்பொருள்கள். படம் திருத்தும் ஜிம்ப்பிலும் கேன்வாஸைவிடப் பெரிய லேயர்தான் வழக்கமான குற்றவாளி. மஞ்சள் கோடிட்ட லேயர் எல்லை கேன்வாஸுக்கு வெளியே நீண்டிருந்தால், 'லேயர்' மெனுவில் 'லேயர் டு இமேஜ் சைஸ்' கொடுங்கள். ஜிம்ப்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப்பில் சேமிக்கும் ஜன்னலில் மெதுவான, ஆனால் மேலான சுருக்கம் என்ற தேர்வும் இருக்கிறது. வெக்டர் மென்பொருளான இங்க்ஸ்கேப்பில் படத்தை எம்பெட் செய்தால் அது எழுத்துகளாக மாற்றப்பட்டு அதன் எஸ்விஜி ஃபைலுக்குள் போகிறது, அந்த மாற்றத்திலேயே மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். லிங்க் தேர்ந்தெடுப்பது நல்லது. பக்க வடிவமைப்புக்கான ஸ்கிரைபஸ் படங்களை வெளியேதான் வைத்திருக்கும், அங்கே பிரச்சினை பெரும்பாலும் பிடிஎஃப் ஏற்றுமதியில்தான். ரெசல்யூஷன் எல்லை போடாமல் எடுத்திருப்பார்கள்.

குறைத்த பிறகு சரிபார்ப்பது

பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து 100 சதவீதத்தில் பாருங்கள். மயிரிழை, கண், சிறு எழுத்து ஆகிய மூன்று இடங்களில்தான் சேதம் முதலில் தெரியும். எழுத்தைச் சுற்றிக் கொசு மொய்த்ததுபோல் புள்ளிகள் தெரிந்தால் ஜேபெக் தரத்தை மிகவும் இறக்கிவிட்டீர்கள். அந்த ஜேபெக்கையே திறந்து தரம் 12இல் மறுபடி சேமித்துப் பயனில்லை, ஃபைல் ஏறும், கொசு போகாது. முதலில் எடுத்து வைத்த நகலுக்குத் திரும்பி, தரம் 9 அல்லது 10இல் புதிதாக எடுங்கள். இன்டிசைனில் படங்களைச் சிறிதாக்கியிருந்தால் லிங்க்ஸ் பேனலில் 'அப்டேட்' கொடுத்து, எஃபெக்டிவ் பிபிஐ எதுவும் 300க்குக் கீழே விழவில்லையே என்று ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்புங்கள்.